அண்ணனின் மூன்றாம் பத்து

முட்டிக்கு அடியில் ஓர் அரிசி மணி சிக்கிக்கொண்டால் அது எவ்வளவு பெரியது என்பது, தினமும் சாயங்காலம் சிவப்பு சிமெண்ட் தரையில் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லி வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பாலக்கரையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரே ஒரு கூடம். அதில்தான் அம்மா அரிசி புடைப்பார், அதில்தான் சாப்பாடு, அதில்தான் படுக்கை, அதில்தான் ஜெபம். சுவரில் இருந்த திரு இருதயப் படத்துக்கு முன்னால் சிவப்பு நிறத்தில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பும், அதற்குக் கீழே ஒரு மெழுகுத்திரியும் எரியும். அந்த மெழுகு வாசனையோடு அடுப்படியிலிருந்து மீன் குழம்பு வாசனையும் கலந்து வரும்போது, எனக்கு மாதாவைவிடக் குழம்பின் மேல்தான் பக்தி அதிகமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஜெபம் எதற்கு என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். கடவுளை ஆராதிக்க, நன்றி சொல்ல, மன்னிப்புக் கேட்க, வேண்டியதை மன்றாட. நான்கும் வரிசை மாறாமல் சொன்னால்தான் சிஸ்டர் விடுவார்கள். எங்கள் தெருவில் நான்காவது மட்டும்தான் நடந்தது. பரீட்சைக்கு, கல்யாணத்துக்கு, மாடி வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவதற்கு, எல்லாவற்றுக்கும் ஜெபம். இப்போது அது இன்னும் மோசம். இந்த ஜெபத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும் என்று செல்போனில் அனுப்புகிறார்கள். கேட்டேன், கிடைத்தது என்று மேடையேறிச் சாட்சி சொல்கிறார்கள். கிடைக்காதவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் எங்கள் வீடு கேட்டது கிடைக்காத வீடு.

ஜெபமாலையில் ஐந்து பத்துகள் உண்டு. ஒருவர் "அருள் நிறைந்த மரியே" என்று முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று இரண்டாம் பாதியைச் சொல்லி முடிப்பார்கள். அப்படிப் பத்துத் தடவை சொன்னால் ஒரு பத்து. எங்கள் வீட்டில் முதலாவதும் கடைசியும் அப்பாவுடையவை, இரண்டாவது அம்மாவுடையது, மூன்றாவது சேவியர் அண்ணனுடையது, நான்காவது என்னுடையது. சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஆளுக்கு ஒன்று. ஒருவர் பத்தை இன்னொருவர் தொடமாட்டோம். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் அது எதற்காக என்று அவரவர் "கருத்து" சொல்ல வேண்டும். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்த அப்பா, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி மூச்சுவிடாமல் சொல்லுவார். அம்மா நிதானம். அண்ணன் பாதி வார்த்தையை விழுங்கிவிடுவான், "மரியே"க்கும் "கனியாகிய"வுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதே அவன் சொன்னால் தெரியாது.

அண்ணன் படிப்பு முடித்து ரயில்வே வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தான். மாதக்கணக்கில் எங்கள் நான்கு பேருக்கும் அது ஒன்றுதான் கருத்து. அது போக ஒன்பது நாள் தொடர்ந்து சொல்லும் நவநாள் ஜெபம், சனிக்கிழமை உபவாசம், கோயிலில் மாதா சொரூபம் இருக்கும் கெபியில் மெழுகுத்திரி. பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. அது தெரிந்த அன்று சாயங்காலமும் ஜெபம் நடந்தது. மூன்றாம் பத்து வந்தபோது அண்ணன் ஜெபமாலையைப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு எழுந்து நின்றான்.

"முட்டி தேயத் தேயக் கேட்டாச்சு. மாதாவுக்குக் காது கேக்கலையா, இல்ல நம்ம வீட்டு அட்ரஸ் தெரியலையா?"

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஜெபம் வேணாங்கிறவனுக்கு இந்த வீட்ல சோறும் இல்ல. வெளிய போடா" என்றார்.

அவன் போய்விட்டான். எங்கள் அப்பாவின் வீம்பு அப்படியே இறங்கியிருந்த பிள்ளை அவன்.

மறுநாள் அப்பா தன் முதல் பத்தைச் சொன்னார், அம்மா இரண்டாவதைச் சொன்னார். அடுத்து என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா, "இனிமே நாலு பத்து போதும். பாப்பா, நீ ஆரம்பி" என்றார்.

"நாலு பத்துக்குப் பேரு ஜெபமாலை இல்லைங்க" என்றார் அம்மா.

"அப்ப அதையும் நீயே சொல்லு."

"எனக்கு என் பத்து இருக்கு. இது அவன் பத்து."

பிறகு அம்மா, "சேவியர் கருத்துக்காக" என்று சொல்லிவிட்டு ஆணியில் கிடந்த அவன் ஜெபமாலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். முதல் பாதியை ஒருவர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் மெழுகுத்திரி மட்டும் படபடத்தது. அப்புறம் அம்மா ஒற்றை ஆளாக, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று இரண்டாம் பாதியை மட்டும் சொன்னார். ஒரு மணியை நகர்த்தினார். மறுபடியும் பேசாமல் இருந்தார். மறுபடியும் இரண்டாம் பாதி. யாரோ சொல்லி முடித்ததற்குப் பதில் சொல்வது மாதிரி. அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

இது தினமும் நடந்தது. எனக்கோ பசி, முட்டி வலி, அண்ணன் மேல் கோபம், அப்பா மேல் அதைவிடக் கோபம். ஒரு நாள் பொறுக்காமல், "நான் ரெண்டு பத்தும் சொல்லிடறேம்மா, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றேன். அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு நாள், "அண்ணன் இவ்ளோ மெதுவா சொல்லவே மாட்டான்" என்றேன்.

"இப்ப நிதானமா சொல்றான்" என்றார் அம்மா. "நீ கேளு."

ஒருநாள் அடுப்படியில் நின்றபோது நேரடியாகவே கேட்டேன். அவன் கருத்துக்காக என்று எதற்குச் சொல்லவேண்டும், அவன் வீட்டுக்கு வரவேண்டும் என்று மாதாவிடம் கேட்டால் என்ன. அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே, "அது என் கருத்து. அதை என் பத்துல கேட்டுக்கறேன். அவன் பத்துல அவனுக்கு என்ன வேணுமோ அதுதான்" என்றார். அவனுக்கு வீட்டுக்கு வரவே வேண்டாம் என்று இருந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "உப்புப் பாத்து சொல்லு" என்று கரண்டியை நீட்டினார்.

அண்ணன் எங்கே இருக்கிறான் என்று கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு டூவீலர் மெக்கானிக் கடையில் வேலை. அங்கேயே மேலே ஒரு தட்டியறையில் படுக்கை. அம்மாவும் நானும் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிப் போனோம். அண்ணன் எங்களைப் பார்த்ததும் ஒரு வண்டியின் அடியில் புகுந்துகொண்டு அங்கிருந்தே பேசினான். "அப்பா கூப்ட்டாத்தான் வருவேன்" என்றான். அப்பா கூப்பிட மாட்டார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நெற்றியில் பளிச்சென்று நாமம் போட்டிருந்த கடை முதலாளிக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "கவலைப்படாதீங்கோம்மா. பெருமாள் மேல பாரத்தைப் போடுங்கோ, தானா வருவான்" என்றார்.

"மாதா மேல போட்டிருக்கோம்ங்க" என்றார் அம்மா.

"அப்போ சரி. ரெண்டு பேருமாப் பாத்துக்கட்டும்" என்றவர், எனக்கு ஒரு டீயும் பன்னும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பி வந்து அம்மா எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னார். அப்பா செய்தித்தாளை மடக்கவில்லை.

ஆனால் ஜெபத்தில் ஒன்று நடந்தது. ஆரம்பத்தில் மூன்றாம் பத்து முழுக்க அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சாயங்காலம் அம்மாவின் "அர்ச்சிஷ்ட மரியாயே"க்கு அடியில் இன்னொரு குரல், கட்டைக் குரல், முணுமுணுவென்று கேட்டது. நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பார். வீம்புக்காரர்களோடு குடித்தனம் செய்தால் இதெல்லாம் பழகிவிடும். அதற்குப் பிறகு தினமும் அந்தக் குரல் இருந்தது. அப்பாவும் காத்திருந்தார், அப்பாவும் பதில் சொன்னார். மகனோடு பேசமாட்டேன் என்று இருந்த மனிதர், தினமும் சாயங்காலம் மகன் பேசி முடிப்பதற்காக முழங்காலில் நின்று காத்திருந்தார். அவருக்கு அது புரிந்திருந்ததா என்று தெரியாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், மூன்றாம் பத்து பாதி நடந்துகொண்டிருந்தது. அம்மா கையில் மணி. பேசாத நேரம். கூரையில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். திடீரென்று அப்பா எழுந்தார். கொடியிலிருந்து சட்டையை உருவி மாட்டினார், சைக்கிளை வெளியே தள்ளினார், போய்விட்டார். எங்கள் வீட்டில் ஜெபத்தை நடுவில் விட்டுவிட்டு எழுந்த இரண்டாவது ஆள் அவர். எனக்குப் பயமாக இருந்தது. அம்மா "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று விட்ட இடத்திலிருந்து சொன்னார். அப்புறம் என் பத்து. அப்பாவுடைய ஐந்தாவது வந்தபோது அதற்கும் முதல் பாதி இல்லை. அதற்கும் காத்திருந்து பதில் சொன்னோம்.

அந்த நேரத்தில் காவிரிக்கு அப்பால் அண்ணனும் முதல் பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். மேடைச் சாட்சி சொல்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவன் சொல்லவில்லை. ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் பரோட்டா தின்றுகொண்டிருந்தான்.

அப்பா சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தார். தனியாகத்தான் வந்தார். அம்மா துண்டை நீட்டினார்.

"எங்கங்க போனீங்க?"

"ஸ்ரீரங்கம்."

"பாத்தீங்களா?"

"பரோட்டா தின்னுட்டு இருந்தான்."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. எதுத்தாப்ல உக்காந்து நானும் ரெண்டு தின்னேன்."

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, "சால்னா ஊத்திக்கங்கன்னான்" என்றார்.

அம்மா அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் யாருடைய வண்டியையோ ஓட்டிக்கொண்டு வந்தான். கை முழுக்க கிரீஸ். எதுவும் நடக்காதது மாதிரி அப்பா, "என்ன வண்டி, கிளட்ச் இழுக்குதா?" என்று கேட்டார். ஜெப நேரத்தில் அவன் முழங்காலில் நிற்கவில்லை, கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் பத்து வந்தது. அம்மா வழக்கம்போல் காத்திருந்து, வழக்கம்போல் இரண்டாம் பாதியைச் சொன்னார். அப்பாவும் சொன்னார். ஜெபமாலையில் இரண்டு மூன்று மணிகள் இப்படியே நகர்ந்தன. அண்ணன் முழித்தான். "நான் இங்கதானம்மா இருக்கேன்" என்றான்.

"தெரியும்டா" என்றார் அம்மா. "நீ வர்றப்ப வா."

அன்று அவன் சொல்லவில்லை. எந்த நாளில் சொல்ல ஆரம்பித்தான் என்பது எனக்கு நினைவில்லை. பழையபடி வார்த்தையை விழுங்கித்தான் சொன்னான். ரயில்வே வேலை கடைசிவரை கிடைக்கவில்லை. கேட்டது கிடைக்காத குடும்பம் என்று சொன்னேன் அல்லவா, அதில் மாற்றமில்லை. ஆனால் ஜெபம் எதற்கு என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்த நான்கு காரணங்களையும் நான் சொல்வதில்லை. என் அப்பா அதை முடிக்காமல் நடுவில் எழுந்து மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாரே, அதற்குத்தான் என்று சொல்வேன். கேட்பவர்களுக்கு இது திருப்தியாக இருப்பதில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

பாலக்கரை வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் நான்கு மாடி நிற்கிறது, கீழே செல்போன் கடை. சிவப்பு சிமெண்ட் தரையும் எங்கும் இல்லை, எல்லாம் வழுக்கும் டைல்ஸ், அரிசி மணி விழுந்தால் தானே உருண்டு போய்விடுகிறது. அம்மா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அப்பா கடந்த தவக்காலத்தில் போனார். நான் காட்டூரில் இருக்கிறேன், அண்ணன் ஸ்ரீரங்கத்திலேயே சொந்தமாக மெக்கானிக் கடை வைத்து, வீடும் கட்டிவிட்டான். அப்பா போனபிறகு அண்ணன் வீட்டில் ஜெபமாலையைச் செல்போனே சொல்கிறது. அண்ணன் மகன் ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டு விடுகிறான். முதல் பாதியையும் அதுவே சொல்லி, இரண்டாம் பாதியையும் அதுவே சொல்லி, யாருக்கும் இடம் வைக்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேட்டால் எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் அது அவர்கள் வீடு.

போன மாதம் அப்பாவின் நினைவாக எல்லாரும் அண்ணன் வீட்டில் கூடினோம். பையன் ஸ்பீக்கரைப் போட்டான். அண்ணன், "நிறுத்துடா அதை" என்றான். முட்டி தேய்ந்துபோன மனிதன், சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் முழங்காலில் நின்றான். நாங்களும் நின்றோம். முதல் பத்து. அம்மாவின் பத்தை அண்ணி எடுத்துக்கொண்டு வருடக்கணக்காகிறது, அப்பாவுடையதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா கருத்துக்காக" என்று மட்டும் சொன்னான்.

பையன் என் பக்கம் குனிந்து, "யார் அத்தை சொல்றது? என்ன, ஆரம்பிக்கலையா?" என்று கிசுகிசுத்தான்.

"ஆரம்பிச்சாச்சு. இரு" என்றேன்.

அப்பா இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவே மாட்டார். பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் முடித்துவிட்டு அடுத்த மணிக்குப் போயிருப்பார். அதை அண்ணனிடம் சொல்லத்தான் திரும்பினேன். அவன் தலையைச் சற்றுச் சாய்த்து, ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குக் காது கொடுப்பவன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான். நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன். முட்டி வலித்தது. அவன் வாய் திறக்கும் வரை காத்திருந்தேன்.