அன்னாசிப்பூவுக்குப் பிறகு அரைச்ச தூள்

இல்லை, எனக்குத் தும்மல் வாறேல்லை. மிளகாய் அரைக்கிற மில்லுக்காரனுக்கு முதல் மாசத்தோடை மூக்குச் செத்துப்போம். பிறகு எந்த மணமும் சனம் சொல்லித்தான் தெரியவரும். வரிசையிலை நிண்டு கண்ணெரிஞ்ச உங்களுக்கு மில்லைப் பற்றி நான் புதுசாச் சொல்லத் தேவையில்லை. இது நான் ஸ்கந்தபுரத்திலை மில் போட்டிருந்த காலத்துக் கதை. சண்டையாலை ஊர் முழுக்க இடம்பெயர்ந்த சனம். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் தேடுறதே பெரிய தொழில்.

சாமிப் பூ

ராமையா அண்ணை மலையகத்திலையிருந்து வந்து எங்கடை பக்கம் தோட்டம் செய்தவர். மூத்த மகளுக்குக் கலியாணம், புரியாணி போடவேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டார். வவுனியாவுக்குப் போய் வரேக்கை கறுவா, ஏலம், கராம்போடை ஒரு சரை அன்னாசிப்பூவும் கொண்டந்தார். காஞ்சு, மண்ணிறமா, எட்டு இதழ் விரிஞ்ச நட்சத்திரம் மாதிரி இருக்கும். எங்கடை கறித்தூளுக்கு நாங்கள் அதைப் போடுறேல்லை. நானே அண்டைக்குத்தான் கையிலை எடுத்துப் பார்த்தன்.

சோதனைச்சாவடியிலை ஆமிக்காரர், தடைசெய்த சாமான் எண்டு அவரின்ரை பற்றரியையும் சவுக்காரத்தையும் எடுத்துப்போட்டாங்களாம். பூ மட்டும் எப்பிடித் தப்பினது எண்டு கேட்டன்.

"சாமிக்கு வைக்கிற பூன்னுட்டேங்க. சோத்துக்குன்னு சொல்லியிருந்தா அதையும் எடுத்திருப்பாங்க. சாமி கோவிச்சுக்கிச்சுன்னா, புரியாணியில முதல் பிடிய அதுக்கே வெச்சுக் கும்புட்டுக்கறேன்."

ஒரு பிடி அரிசி

வாசனைச் சரக்கு அரைச்சால், அடுத்த ஆளின்ரை தூளுக்கு முதல் ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டி மில்லைத் துடைக்கவேணும். அதுதான் முறை. ராமையா அண்ணையின்ரை சரக்கு முடியேக்கை எஞ்சின் இருமத் தொடங்கீட்டுது. அரிசிக்கு ஓட்டினால் அடுத்த ஆளுக்கு மண்ணெண்ணெய் காணாது.

அடுத்த ஆள் ஜெசிந்தா அக்கா, முல்லைத்தீவுக் கரையிலையிருந்து வந்தவா. அவாவின்ரை புருசன் சூசையண்ணை வள்ளத்தையும் வலையையும் விட்டிட்டு வந்த நாளிலையிருந்து சரியாச் சாப்பிடுறேல்லை. இஞ்சை கிடைக்கிறது குளத்து மீன். கடல் மீனிலை வளந்த மனுசன், "சேறு மணக்குது" எண்டு ரெண்டாம் வாயோடை சோத்தைத் தள்ளிவிடுவாராம். தோளெலும்பு சேட்டுக்கு மேலாலை தெரியத் தொடங்கீட்டுது.

நான் அரிசி போடாமலே அக்காவின்ரை மிளகாய் மல்லியைக் கொட்டினன். அவா பக்கத்திலை நிண்டு சொன்னா:

"தம்பி, வடிவா அரைச்சுத் தாரும். இந்தத் தூளிலையாவது அந்த மனுசன் நாலு வாய் தின்னுதோ பாப்பம்."

விசாரணை

அடுத்தநாள் விடியவே அக்கா தூள் பேணியோடை வந்து, மூடியைத் திறந்து என்ரை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சா. எனக்கு ஒண்டும் மணக்கேல்லை. எண்டாலும் விளங்கீட்டுது.

"இதுக்குள்ளை என்னத்தைக் கலந்தனீர்?"

ஒளிக்காமல் சொன்னன். அன்னாசிப்பூ, அரிசி போடாதது, எல்லாத்தையும். வேறை மிளகாய் வாங்கி அரைச்சுத் தாறன் எண்டும் சொன்னன். அவா சட்டெண்டு பேணியை மூடிப்போட்டா.

"ஆர் இப்ப வேறை கேட்டது? முதல் வாயிலேயே 'இதென்னடி மீன்கறியிலை கலியாணவீட்டு மணம்' எண்டு கத்தத் தொடங்கினவர். சேத்து மணம் எங்கை போச்சுதெண்டு தேடித் தேடித் திண்டு, ஏசி ஏசியே சட்டியை வழிச்சுப்போட்டார், தம்பி."

ரெண்டு இதழ்

கலியாணம் சொல்ல வந்த ராமையா அண்ணை கதையைக் கேட்டிட்டு, திரும்பி வீட்டை போய், மிச்சமிருந்த நாலு பூவைக் கொண்டந்து அக்காவுக்கெண்டு தந்தார். "சட்டிக்கு ரெண்டு இதழ் போதும்ங்க. கூடப் போட்டா கசாயமாயிரும்" எண்டார். அக்கா அதை மிளகாயோடை வறுத்துத் தூளாக்கிக் கறி வைச்சா.

பூவும் தூளும் முடிய, ரெண்டு கிழமையாலை சூசையண்ணை தானே மில்லுக்கு வந்தார். குடியிருந்த கொட்டிலை விட்டு அவர் வெளிக்கிட்டதை நான் கண்டது அதுதான் முதல்தரம். வரிசையிலை நிண்டார், தும்மினார், முன்னுக்கு நிண்டவரோடை, குளத்திலை நீந்துறதெல்லாம் மீனோ எண்டு வாக்குவாதப்பட்டார். தன்ரை முறை வந்ததும் பேணியை நீட்டி, என்ரை முகத்தைப் பாராமல் சொன்னார்:

"தம்பி, போனமுறை விட்ட பிழையை, குறையாமல் இந்தமுறையும் விடும்."

இருங்கோ, என்ரை மனுசி கூப்பிடுறா, அரைக்க ஆக்கள் வந்திட்டினமாம். ஓம் ஓம், வாறன்! ஒழுங்கா அரைச்ச தூளுக்கு இந்தத் தொழிலிலை ஒருத்தரும் திரும்பி வந்து ஒரு சொல்லுச் சொன்னதில்லை, பாருங்கோ.