கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே

வெர்னா ஹ்லாடிக்கைப் பற்றி எங்கள் டொலிடோ ஊரில் யாரிடம் பேச்செடுத்தாலும், "அந்தக் கரப்பான் பொம்பளையா?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தெட்டு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்கியவள் அவள். பனியில் சறுக்கும் சாலையில்கூட ஒரு பிள்ளைக்குக் கீறல் விழுந்ததில்லை. அது யாருக்கும் நினைவில்லை. அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒன்பது பிளாஸ்டிக் தொட்டிகளில் கரப்பான் வளர்க்கிறாள் என்பது மட்டும் ஊர் முழுக்கத் தெரியும்.

நான் லோர்னா. அவள் வேலை பார்த்த அதே பேருந்துப் பணிமனையில் இன்னும் ஓட்டுகிறேன். அவளுக்குப் பக்கத்து வீடு. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உண்மைதான், அதை மறைக்கப் போவதில்லை. எனக்கும் அதில் குறைச்சல் இல்லை.

அவள் வளர்ப்பது சமையலறையில் ஓடுகிற சனியன் இல்லை. டூபியா என்று ஒரு ஜாதி. பறக்காது, வழவழப்பான சுவரில் ஏறாது, சத்தம் போடாது. உடம்பெல்லாம் புள்ளி போட்ட சிறுத்தைப் பல்லியைச் செல்லமாக வளர்ப்பவர்கள் தீனிக்கு அதைத்தான் தேடி வருவார்கள். "பூச்சி வயித்துல என்ன இருக்கோ அதுதான் பல்லி உடம்புல ஒட்டும்" என்பாள் வெர்னா. அதனால் கேரட்டும் பூசணியும் ஆரஞ்சுச் சுளையும் முதலில் கீழ்த்தளத்துக்குப் போகும். மிச்சம்தான் மேலே சூப்புக்கு. பல்லிக்குக் கொடுக்கும் முன் பூச்சியை ஒரு கோப்பையில் போட்டு, கால்சியம் பொடி தூவிக் குலுக்குவாள். பொடி ஒட்டாத பூச்சி அவள் கையைத் தாண்டிப் போகாது.

வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும் ஊர்வன கண்காட்சியில் அவளுக்கு ஒரு மேஜை உண்டு, துணைக்கு நானும் உட்காருவேன். யார் வந்து நின்றாலும் ஒரே கேள்விதான். "உங்க பல்லிக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு அகலம்?" பூச்சி அந்த இடைவெளியைவிட நீளமாக இருக்கக் கூடாது. இருந்தால் தொண்டையில் அடைக்கும், இல்லாவிட்டால் செரிக்காமல் கக்கும். பதில் தெரியாதவனுக்கு வெர்னா விற்க மாட்டாள், கெஞ்சினாலும் மாட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஓரின் என்று ஒருவன் வந்தான். பௌலிங் கிரீனில் டயர் கடையில் வேலை. வேலைச் சட்டையோடே வந்திருந்தான்.

"மீடியம் சைஸ் முப்பது குடுங்க மேடம்."

"கண்ணுக்கு நடுவுல எவ்வளவு?"

"அதெல்லாம் அளக்கலையே."

"பல்லி வாங்கினப்ப அது மூஞ்சியப் பாத்தியா, இல்ல வெறும் வாலைப் பாத்து வாங்கினியா தம்பி?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. வெர்னா காபி வாங்கப் போன நேரத்தில் அவன் இன்னும் கதவருகே நின்றிருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. முப்பது பூச்சியை ஒரு டப்பாவில் போட்டு, என் தொலைபேசி எண்ணையும் எழுதி, அவன் கையில் திணித்து அனுப்பினேன். வெர்னாவிடம் இதுவரை மூச்சு விடவில்லை.

அவள் ஏன் இப்படி எரிந்து விழுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய பல்லி டச்சஸுக்கு வயது பதினேழு. ஒரு கண் கிடையாது. வாங்கிய புதிதில், கடைக்காரன் சொன்னபடி ஒரு பை நிறைய வெட்டுக்கிளிபோல் துள்ளும் கிரிக்கெட் பூச்சிகளைத் தொட்டிக்குள் கொட்டிவிட்டு வெர்னா வேலைக்குப் போய்விட்டாள். பசித்த கிரிக்கெட் எதையும் கடிக்கும். அவள் திரும்பி வந்தபோது பல்லியின் இடது கண் போயிருந்தது. அன்றிலிருந்துதான் கரப்பான் வளர்ப்பு. ஊருக்கெல்லாம் விழும் திட்டு அவள் தனக்குத்தானே போட்டுக்கொள்வது.

போன ஜனவரியில் அவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. தொட்டிகளை நான்கு நாள் பார்த்துக்கொள் என்று என்னைத்தான் கேட்டாள். "வெண்டல் வீட்டுல சும்மாத்தானே உக்காந்திருக்கான், அவன் பாக்கட்டும்" என்று சொன்னது நான். அந்த நாக்கை இன்றைக்கும் கடித்துக்கொள்கிறேன்.

வெண்டல் அவள் தம்பி. வேலை போய், நாயோடு வந்து பின்னறையில் ஒண்டியவன். ஒவ்வொரு தொட்டி மூடியிலும் "கை கழுவு" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள் வெர்னா. பதினாறு வருஷமாக வளர்த்த கூட்டம் அது.

ஐந்தாம் நாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், ஊன்றுகோலோடு அவளைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினேன். முதல் தொட்டியைத் திறந்தாள். எல்லாம் மல்லாந்து கிடந்தன. சிலதுக்குக் கால் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. ஒன்பது தொட்டியும் அப்படியே.

"கை கழுவுனியாடா?" என்று பின்னால் இறங்கி வந்த வெண்டலைக் கேட்டாள்.

"கழுவினேன்க்கா! இருபது நிமிஷம் சோப்பு போட்டுத் தேய்ச்சேன்!"

"எப்ப?"

"தொட்டு முடிச்சப்புறம்தான். கரப்பானாச்சே, சீ!"

"தொடுறதுக்கு முன்னாடி கையில என்ன இருந்துச்சு?"

வெண்டல் யோசித்தான். நாய்க்கு உண்ணிக்கு மருந்து ஊற்றினானாம், கழுத்தில். தடவிக் கொடுத்தானாம். அந்தக் கையோடு கேரட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தானாம். உண்ணியைக் கொல்கிற மருந்து கரப்பானை விட்டு வைக்குமா? தன் கை அழுக்காகும் என்றுதான் அந்த மடையனுக்குத் தோன்றியதே தவிர, தன் கையால் அதுகளுக்கு ஆபத்து என்று தோன்றவில்லை. இந்த ஊரும் அவனைப்போலத்தான் யோசிக்கிறது.

வெர்னா முதல் தொட்டியின் மூடியை மறுபடி சாத்தினாள்.  "நாயைக் கூட்டிக்கிட்டுப் போ" என்றாள். அவன் போனான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. டச்சஸ் வேறு எதையும் தொடவில்லை. மாவுப்புழு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தபாலில் டூபியா வரவழைத்தோம். கொண்டுவந்தவன் கதவைத் தட்டாமல் உறைபனியில் வாசலில் வைத்துவிட்டுப் போனான். உள்ளே எல்லாம் விறைத்துச் செத்திருந்தன. சிறுத்தைப் பல்லி வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும், அதை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டும். ஐந்தாவது வாரம் டச்சஸின் வால் பென்சில் மாதிரி ஆகிவிட்டது.

"கடை கிரிக்கெட்டாவது இடுக்கியில பிடிச்சு ஒண்ணு காட்டிப் பாரேன்" என்றேன்.

"செத்தாலும் சாகட்டும், அந்தச் சனியன் என் வீட்டுக்குள்ள வராது."

எனக்கு ரத்தம் கொதித்தது. "சாகப் போறது நீ இல்லடி, அது! உன் வீம்புக்கு அதைப் பட்டினி போடுறியா?"

 நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்து, என் வண்டியைக் கிளப்பி, மறுபடி உள்ளே போய், "கோட்டைப் போடு, பௌலிங் கிரீன்ல ஒருத்தன் டூபியா வச்சிருக்கான்" என்றேன். கூட்டம் பெருகிவிட்டது என்று ஓரின் எனக்குப் போனில் சொல்லியிருந்தான்; என் குட்டு வெளிப்படும் என்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

அங்கே கதவைத் திறந்தவனை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "நீயா?" என்றாள். ஓரினும் அவளை மறந்திருக்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"பூச்சி வேணுமா? தரலாமே. உங்க பல்லிக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு மேடம்?"

ஊன்றுகோலாலேயே அவனை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவளுக்கு ஒரு கண்ணுதான்" என்றாள். "இன்னொன்னு என்னாலதான் போச்சு."

ஓரின் கட்டியிருந்த கையை இறக்கினான். உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தான். அப்போதுதான் தோல் உரித்த வெள்ளைக் கரப்பான் குஞ்சுகள், பல்லில்லாக் கிழவிகூட மெல்லலாம், அவ்வளவு மென்மை. "வயசான பல்லின்னா இதுதான் சுலபம்" என்றான். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

வெர்னா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "கேரட்டா போடுற?"

"கேரட், பூசணி, ஓட்ஸ்."

"எங்க பிடிச்ச இந்தக் கூட்டத்தை?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பனியைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

 திரும்பி வரும் இருபது மைலும் அவள் டப்பாவைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருந்தாள். வீட்டில் பொடி தூவி, குலுக்கி, ஒரு வெள்ளைக் குஞ்சை இடுக்கியில் பிடித்து டச்சஸின் நல்ல கண்ணுக்கு நேரே காட்டினாள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வால் நுனி மெல்லத் துடித்தது. ஒரே பாய்ச்சல். மென்று விழுங்கிவிட்டு உதட்டை நக்கியது. இன்னொன்று. இன்னொன்று.

வெர்னாவுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்காமலே என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு அவன்கிட்ட குடுத்தப்ப அளவு கேட்டியாடி?"

"கேக்கலை."

"இனிமே கேளு. தெரியலைன்னா உக்கார வச்சு சொல்லிக் குடு. இவளை வாங்கினப்ப எனக்கு ஒரு நாயும் சொல்லலை."