ஊருக்குப் போனவர்களின் கோடு

எட்டாவதோடு பள்ளியை விட்டேன். மும்பை கிங்ஸ் சர்க்கிள் ஓட்டலில் தட்டு கழுவினேன், வடாலா கோடவுனில் மூட்டை தூக்கினேன், செம்பூரில் ஒரு சைபர் கடையைப் பார்த்துக்கொண்டேன். அங்கே பழகிய கம்ப்யூட்டரால் தாராவியில் சின்ன கிளினிக் ஒன்றில் வேலை கிடைத்தது.

பிளாஸ்டிக் அரைக்கிற தொழிலாளர்கள், தூசு நுரையீரலைக் கெடுக்கிறதா என்று பார்க்க, சனிக்கிழமைதோறும் வந்து ஒரு குழாயில் ஊதுவார்கள். மூச்சின் அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வரைபடம் போடுகிற சின்ன நிரலான ஸ்கிரிப்டை ஓட்டுவேன். ஆளுக்கொரு வரைபடம் வலைப்பக்கமாகச் சேமிக்கப்படும். அதை அவரவர் போனுக்கு அனுப்புவேன். புள்ளியில் விரலை வைத்தால் தேதியும் அளவும் தெரியும். நெட் இல்லாவிட்டாலும் திறக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஆட்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. கோடு அறுந்து அறுந்து நிற்கும். அதனால் வராதவர்களுக்கு முந்தின வார அளவையே நிரப்பும்படி, எனக்கு முன்பு இருந்தவர் ஸ்கிரிப்டில் எழுதியிருந்தார்.

பொங்கல் கழிந்து ஒரு அக்கா வந்தாள். அவள் கையில் கணவருடைய போன்.

"தம்பி, முன்னெல்லாம் இந்தக் கோடு ஏறி இறங்கும். இப்போ அசையவே மாட்டேங்கு. ஏன்?"

"அண்ணாச்சி ஊர்ல இருந்து இன்னும் வரலியா?"

"அவிய ஊருக்கு எங்க போனாவ? தீபாவளிக்கு முன்னமே இறந்துட்டாவளே."

எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திரையைப் பார்த்தேன். அவர் கடைசியாக ஊதிய மூச்சு தீபாவளியைத் தாண்டி, பொங்கலைத் தாண்டி, ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். ஸ்கிரிப்டைத் திருத்தி அவள் முன்னாலேயே ஓட்டினேன். புதிய பக்கத்தில் கோடு தீபாவளிக்கு முன்பே நின்றது.

"போனைக் குடுங்கக்கா. பழசை அழிச்சுட்டு இதைப் போட்டுத் தாரேன்."

அவள் தரவில்லை.

"புள்ளைக்கு ஒரு பலூன் ஊதச் சொன்னா ஊத மாட்டாவ. இங்க வந்து வாரம் தவறாம ஊதியிருக்காவ பாரு." போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "ஒங்கிட்ட உள்ளத நீ திருத்திக்கோ. இது கெடக்கட்டும்."

சேமித்து அனுப்பிய பக்கத்தை இங்கிருந்து மாற்ற முடியாது. ஸ்கிரிப்டில் என்ன திருத்தினாலும், அந்தப் போனில் அவர் ஊருக்குப் போனவர்தான்.

அடுத்த சனிக்கிழமை மற்றவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு எழுந்தேன். போன் அடித்தது. திரையில் அவர் பெயர். கொஞ்ச நேரம் அடிக்கவிட்டுத்தான் எடுத்தேன்.

"பக்கத்து வீட்டுக்கு வந்துட்டு. இவியளுக்கு மட்டும் இன்னும் வரலியே, தம்பி."