ஏரியை வயலாக்கியவன்

நேற்று நெமிலிச்சேரியில் மின்ரயிலுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பெண் கைபேசியில் செயற்கைக்கோள் படங்களை ஆண்டாண்டாகப் பின்னால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்ப்பது அநாகரிகம்தான். ஆனால் சும்மா இருக்க முடியுமா? எனக்கு முதன்முதலில் சோறு போட்டவை அந்த மாதிரிப் படங்கள்தானே!

அப்போது அம்பத்தூரில் சின்ன அலுவலகம். உள்ளே நுழைந்தாலே புதுக் கணினியின் பிளாஸ்டிக் வாசனையும் ஏசி குளிரும். தேனியிலிருந்து வந்த எனக்கு அந்தக் குளிரே பெரிய உத்தியோகமாகத் தெரிந்தது. ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு, நிலம் எங்கே எப்படி மாறியிருக்கிறது என்று வரைபடம் செய்ய வேண்டும். அகச்சிவப்புக் கதிரையும் பதிவுசெய்யும் அந்தப் படங்களில் செடிகொடி பச்சையாக இருக்காது, செக்கச்செவேலென்று இருக்கும். தண்ணீர் கறுப்பு. கொஞ்ச நாளில் தெருவிலிருக்கும் வேப்பமரம்கூடச் சிவப்பாகத் தெரிய ஆரம்பித்துவிடும், நம்புங்கள்.

பட்டாபிராம் பக்கம் ஓர் ஏரி. பழைய படத்தில் முழுக் கறுப்பு, புதியதில் முழுச் சிவப்பு. ‘ஏரி விளைநிலமாகிவிட்டது’ என்று எழுதிவிட்டு, என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். பக்கத்து மேசை தாஸ், பட்டாபிராமை ஒட்டிய சேக்காட்டுக்காரன். பார்த்ததும் குதித்தான்.

“இன்னா மச்சான், அங்க எவன் நாத்து நட்டான்? ஏரியே இல்லனு நீ எழுதிட்டா, நாளைக்கே பிளாட் போட்ருவானுங்க!”

அறிக்கை அன்று மாலையே போக வேண்டும். தாஸின் பைக்கில் பறந்தோம். கரைமேல் ஏறிப் பார்த்தால், கண்ணுக்கெட்டிய வரை பச்சை! “வயல்தானே?” என்று நான் நெஞ்சை நிமிர்த்த, மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சிரித்துவிட்டார்.

“வயலா? எறங்கிப் பாரு நைனா, கழுத்தளவு தண்ணி கீது!”

தாஸ் ஒரு கல்லை எறிந்தான். பச்சை விலகித் தண்ணீர் தெறித்தது. அத்தனையும் ஆகாயத்தாமரை! “கீதுடா, ஏரி கீது!” என்று தாஸ் என்னைக் கட்டிக்கொண்டான். நான் செய்த முட்டாள்தனத்துக்கு வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

ஓடிவந்து திருத்தினேன். வரைபடத்தில் ஏரி மறுபடி ஏரியானது. அந்த அவசரத்தில், ஏரிக்குக் கீழே இருந்த வயல்களை ஒரு பார்வை பார்த்து ‘மாற்றமில்லை’ என்று முடித்தேன். அன்றைக்கு அது சரியான பதில்தான்.

ஏரி இன்றும் இருக்கிறது. அதன் தண்ணீர் பாய்ந்த வயல்களில் ஒன்றுகூட இல்லை. அவற்றில் ஒன்றின்மேல், மூன்றாவது மாடியில் நான் குடியிருக்கிறேன். பால்கனியில் நின்றால் ஏரி தெரியும் என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள்.