முகம் வைக்காத ராசா

ஞானராணி தன் புருசன் டெஸ்மன்டின் வலது கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு றேசரை மெதுவாக இறக்கினாள். பாரிசவாதம் வந்த பக்கம் அது. வெட்டினாலும் அவருக்குத் தெரியாது. சட்டையில் இரத்தம் பட்ட பிறகுதான் தெரியும். அதனால் அந்தப் பக்கத்தைக் கை களைக்கும் முன்பே முடித்துவிடுவாள்.

"மீசை," என்றார் டெஸ்மன்ட். வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்ததால் சொல் பாதிதான் வெளியே வந்தது.

"மீசையைத் தொடமாட்டன். மீசை இல்லாத ராசாவை ஆர் மதிப்பாங்க?"

கல்முனையில் நெல் மில்லொன்றில் மெக்கானிக்காக இருந்தவர் டெஸ்மன்ட். பகலெல்லாம் கிறீஸ் பிடித்த கை. கோயில் திருநாளில் பிரம்பு வளையம் வைத்த கரப்புடுப்பும் தலையில் முடியும் கட்டி வடமோடிக் கூத்துக் களரியில் இறங்கினால் ராசா. அவர் ராசா வரவு ஆடிக் களரிக்குள் நுழைவதைப் பார்க்க மருதமுனையிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்பார்கள். பாரிசவாதம் ஆட்டத்தையும் பாட்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் செய்வித்த முதல் வேலை, சுவர்க் கண்ணாடியைக் கழற்றுவித்ததுதான். ஞானராணி அதை அலுமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

பிறகு ஒரு நாள் கலைக் கழகச் செயலாளர் டனிஸ்டன் வந்தான். சந்தியில் கூத்து ராசாவுக்கு ஒரு சீமெந்துச் சிலை வரப்போகுது, அங்கிளின் முகத்தைத்தான் வைக்கப்போறம் என்று பழைய படத்தை வாங்கிக்கொண்டு போனான். அன்றிலிருந்து டெஸ்மன்டுக்கு அந்த ஒரே நினைப்பு. கோணாத முகம் சந்தியில் நிற்கும். பேரப்பிள்ளைகள் அதைத்தான் அப்பப்பா என்று நினைத்திருப்பார்கள்.

சிலைத் திறப்பைக் கழகம் வார இறுதிச் சுற்றுலாவாக்கியிருந்தது. சனிக்கிழமை களரி, ஞாயிறு சிலை, அன்று பின்னேரம் மலையில் தியானம். மில்லில் கூட வேலை செய்த மருதமுனை றஸாக் தன் வானைக் கொண்டுவந்தார்.

"டேய் ராசா, கிரீடத்தை மறந்திட்டயா? கிரீடமில்லாதவனை என்ர வான்ல ஏத்தமாட்டன்."

டெஸ்மன்ட் இடது கையை ஓங்கினார்.

"அடி மச்சான், அடி. சம்பளம் குடுக்காத ராசாவெல்லாம் இப்பிடித்தான்."

களரியில் அவரைக் கதிரையில் இருத்தி, தலையில் ஒரு முடியை வைத்து, கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள் பக்கத்தில் நின்று படமெடுத்தார்கள். முடி நெற்றியில் அறுத்தது. அவர் பொறுத்துக்கொண்டார். நாளைக்குச் சிலை இருக்கிறதே.

ஞாயிறு காலை சிலையின் சீலையை இழுத்தார்கள். முடி இருந்தது, கரப்புடுப்பு இருந்தது, கையில் வாள் இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் சீமெந்தை முட்டை போல வழுவழுப்பாகப் பூசி விட்டிருந்தார்கள்.

எல்லாரும் கை தட்டினார்கள். டெஸ்மன்ட் தட்டவில்லை. ஒரு கையால் தட்டவும் முடியாது.

"முகம் எங்க தம்பி?" என்று ஞானராணி கேட்டாள்.

டனிஸ்டன் குரலைத் தாழ்த்தினான். "முஸ்லிம் ஆக்கள் போய்வாற சந்தி, அன்ரி. உருவம் எண்டா பிரச்சினை வரும். அதான் விட்டிட்டம்."

பின்னால் நின்ற றஸாக் முன்னே வந்தார். "எங்கட ஆக்கள் ஆராவது வந்து கதைச்சாங்களா?"

"இல்ல றஸாக் நானா. கதைக்க முந்தி நாங்களே யோசிச்சம்."

"கேட்டிருந்தா நாலு பேர் வேணாமெண்டும் சொல்லியிருப்பாங்க. நாப்பது பேர் வெய்யுங்க எண்டிருப்பாங்க. நீ கேக்கல்லயே! இனி என்ர கூட்டாளிட முகத்தை நான் திண்டிட்டன் எண்டு ஊர் கதைக்கும்."

டனிஸ்டன் அதற்குள் மாலை போட ஆள் தேடிப் போய்விட்டான்.

வீட்டுக்குப் போவோம் என்றாள் ஞானராணி. டெஸ்மன்ட் தலையாட்டி மறுத்தார். மலைக்குப் போகவேண்டுமாம். மேற்கே வயலுக்கு நடுவில் கிடக்கும் கருங்கல் மலை அது. அதன் வெடிப்பில் காது வைத்தால் மூச்சுக் கேட்கும் என்பார்கள். முஸ்லிம்கள் அதை ஓர் அவுலியாவின், இறைநேசரின், மூச்சு என்பார்கள், சைவர்கள் சித்தரின் மூச்சு என்பார்கள். ஞானராணிக்கு அது காற்று.

வந்தவர்கள் கண்ணை மூடி இருந்தார்கள். டனிஸ்டன் மெதுவாகச் சொன்னான்: "முகம் அழிஞ்சால்தான் 'நான்' அழியும். எங்கட சிலை சொல்றதும் அதுதான்."

"காலையில பழியை எங்கட பேர்ல போட்டான்," என்று றஸாக் முணுமுணுத்தார். "பின்னேரம் அவுலியாட பேர்ல போடுறான்."

அப்போது டெஸ்மன்ட் வாயைத் திறந்தார். ராசா வரவுப் பாட்டு. ஞானராணிக்கு மட்டும் அது பாட்டென்று தெரிந்தது. மற்றவர்களுக்கு வெறும் ஊளை. மலை அதை வாங்கி அப்படியே திருப்பிக் கொடுத்தது.

"ஸ்ஸ், அமைதி," என்றாள் கண்ணைத் திறக்காமலே ஒரு பெண்.

டெஸ்மன்ட் நிறுத்தினார். ஞானராணி அவருடைய வாயோரத்து எச்சிலைத் துடைத்துவிட்டு, "வானை எடுங்க றஸாக்," என்றாள்.

மறுநாள் காலை சுடுதண்ணியும் சவர்க்காரமும் றேசரும் எடுத்து வைத்தாள். டெஸ்மன்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேணாம். ஆர் பாக்கிற?"

அவள் அலுமாரிக்குப் பின்னாலிருந்து கண்ணாடியை இழுத்தெடுத்தாள். பல்லி எச்சத்தைத் துணியால் துடைத்து, அவருக்கு முன்னால் ஒரு கதிரையில் சாய்த்து வைத்தாள்.

"சீமெந்தை நம்பி ஏமாந்தது போதும். இருக்கிற முகம் இதுதான். பாருங்க."

நெடுநேரம் பார்த்தார். கண்ணை மூடவில்லை. ஞானராணி வழக்கம் போல வலது பக்கத்தை முதலில் வழித்து, பிறகு இடது பக்கத்தை வழித்து, துவாயை எடுத்தாள். டெஸ்மன்ட் கண்ணாடியைப் பார்த்தபடி இடது கையைத் தூக்கி, கோணிய தாடையின் கீழ் விரலை வைத்தார்.

"இஞ்ச விட்டிட்டாய்."

ஞானராணி றேசரைத் தண்ணியில் தோய்த்து அந்த இடத்தையும் வழித்தாள்.