கறுப்பு மலையில் நாற்பத்தொரு புள்ளிகள்

இருட்டை அச்சடிப்பதற்காக ஆபீஸ் பிரிண்டரின் கறுப்பு மை முழுவதையும் ஒரே தாளில் காலி செய்தவன் நான். என் முட்டாள்தனங்களை வரிசைப்படுத்தினால் இதற்கு முதலிடம் கிடைக்காமல் போகலாம், ஆனால் முதல் மூன்றுக்குள் வந்துவிடும். அது நான் வடிவமைத்த வீடியோ கேமின் வரைபடம். மேசை அகலத் தாளில் ஒரு மலை. மலை என்று நான் சொன்னால்தான் தெரியும், ஏனென்றால் முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு வெளிச்சம், ஆட்டக்காரர் வந்து இறங்கும் இடம். அவர் நடக்க நடக்கக் கறுப்பு விலகி ஓடை, பாறை, குடிசை என்று ஒவ்வொன்றாகத் தெரியும். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஆகா, என்ன மர்மம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். தாள் இன்றும் என் மேசைக்கு மேலேதான் இருக்கிறது. இப்போது அதில் நாற்பத்தொரு வெள்ளைப் புள்ளிகள் உண்டு. வைத்தவர் எங்கள் டெஸ்டர் அக்கா.

எங்கள் ஸ்டூடியோ வளைகுடாவில், அல் கூஸ் என்ற பகுதியில், ஒரு கார் ஒர்க்‌ஷாப்பின் மாடியில் இருக்கிறது. கீழே தகரம் தட்டும் சத்தத்துக்கு நடுவில்தான் எங்கள் காட்டுக் குயில்கள் கூவியாக வேண்டும். மேனேஜர் கோட்டயத்துக்காரர், நான் மதுரை. டெஸ்டர் என்றால் ஒரே ஆட்டத்தை நூறு தடவை ஆடிக் குறை கண்டுபிடிப்பவர். எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று ஒரு ஃபார்மில் பதிவார். அந்தக் குறைக்கு பக் என்று பெயர். நாங்கள் சரிசெய்து அதை மூடுவோம். சரியாகவில்லை என்றால் அவர் மறுபடி திறப்பார். அக்கா நீலகிரிச் சரிவில் ஒரு பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, கோயம்புத்தூரில் வேலை பார்த்து, இங்குள்ள ஜெபல் அலி துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கணவரோடு இங்கே வந்தவர். எந்தக் குடி என்று எழுதப் போவதில்லை. ஒருமுறை நான் எங்கோ எழுதப்போக, அவரே தடுத்தார்: "அத எழுதாதீங்க தம்பி. எழுதுனா அடுத்த கேள்வி தேன் எடுப்பீங்களான்னுதான் வரும். எனக்குத் தேனீன்னா பயம்."

வெள்ளைக்காரர்கள் தேயிலைக்காக மலையைப் பிடித்த கதைதான் எங்கள் கேம். கதாநாயகன் அந்த மலையின் மகன். வயிற்றில் ஆறு கட்டு, வாயில் ஆறு பக்க வசனம். துரைமார்களை நான் திரையில் விரட்டிய விரட்டில், சரித்திரத்துக்கே நியாயம் செய்துவிட்டதாக நினைப்பு. அக்கா தன் அம்மாவிடம் சொல்லி, அவர்கள் சரிவில் உள்ள நாற்பத்தொரு இடங்களின் பெயர்களை போனில் பதிவுசெய்து வாங்கிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு இடமும் கறுப்பிலிருந்து வெளியே வரும்போது அந்த அம்மாவின் குரல் அதன் பெயரைச் சொல்லும். பின்னணியில் கோழி கொக்கரிக்கும், பாத்திரம் உருளும். ஒரு பதிவில் பெயரைச் சொல்லிவிட்டு, "சாப்பிட்டியா?" என்றும் கேட்டிருப்பார். அதை மட்டும் வெட்டச் சொன்னார் அக்கா. வெட்டினேன். ஆனால் தூக்கி எறிய மனசு வரவில்லை.

கறுப்பு வரைபடத்தைச் சேர்த்த அன்றே பக் வந்தது. "எதிர்பார்த்தது: ஊர் தெரியணும். நடந்தது: இருட்டா இருக்கு." நான் சிரித்துவிட்டு, 'வடிவமைப்பே அப்படித்தான்' என்று எழுதி மூடினேன். அவர் திறந்தார். மூடினேன். திறந்தார். ஆறாவது தடவை கரக் டீயோடு அவர் மேசைக்குப் போய் விளக்கினேன்.

"எல்லா கேமும் இப்படித்தாங்க்கா. போகப் போகத்தான் தெரியும்."

"யாருக்கு?"

"ஆடுறவனுக்கு."

"ஆடுறவன் அந்த ஊர்க்காரன்தானே? அவன் ஊரு அவனுக்கே தெரியாதா?"

இந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். "ஹீரோவுக்கு ஞாபக மறதின்னு வச்சிருவோமா?" என்றேன்.

அக்கா டீயைத் தள்ளி வைத்தார். உள்ளேயிருந்து மேனேஜர் குரல் கொடுத்தார்: "எடோ, டெமோவுக்கு ரெண்டு வாரம்தான் உண்டு. மேப் கலாஸ், முடிஞ்சு. இனி அதைத் தொட வேண்டா."

"அப்ப அம்மா குரல எடுத்துருங்க தம்பி," என்றார் அக்கா. கோபமே இல்லாத குரல். "வந்தவன் கண்டுபிடிச்சதுக்கெல்லாம் எங்கம்மா பேரு சொல்லிக் குடுக்க வேண்டாம்."

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அக்காவுக்குக் கலை புரியவில்லை என்று புலம்பினேன். மறுநாள் காலையில் என் கம்ப்யூட்டரில் ஒரு புதிய ஆட்டம் இருந்தது. பெயர் 'மதுரை'. என் தெருவின் போட்டோக்களை எப்போதோ அக்காவிடம் பெருமையடித்துக் காட்டியிருந்தேன். அதை வைத்து நான் உபயோகிக்கும் அதே கருவியிலேயே செய்திருந்தார். திரை முழுக்கக் கறுப்பு. தொப்பி போட்ட ஒருவன் நிற்கிறான். நடத்தினேன். 'புதிய தெரு கண்டுபிடிக்கப்பட்டது. பத்துப் புள்ளிகள்.' நான் புரோட்டா தின்று வளர்ந்த கடை வந்தது. 'பெயரில்லாத கொட்டகை. ஐந்து புள்ளிகள்.' விழுந்து விழுந்து சிரித்தேன். மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் ஒரு நீல கேட் வெளியே வந்தது.

என் அம்மா தினமும் சாயங்காலம் அந்த கேட்டில்தான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள், வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று. தொப்பிக்காரனை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். 'காலி இடம்' என்று வந்தது. மறுபடி பட்டனை அழுத்தினேன். 'காலி இடம்.' எத்தனை தடவை அழுத்தினேன் என்று தெரியாது. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், அக்கா நிமிரவில்லை. வேறு ஏதோ பக் எழுதிக்கொண்டிருந்தார்.

சுவரிலிருந்து கறுப்புத் தாளைப் பிய்த்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அக்கா டிராயரைத் துழாவி, யாரும் உபயோகிக்காமல் காய்ந்துகொண்டிருந்த ஒயிட்னர் பாட்டிலை எடுத்துக் குலுக்கினார். எங்கிருந்து ஆரம்பிக்க என்று கேட்டேன். "எங்கிருந்து வேணாலும்," என்றவர் ஒரே மூச்சில் நாற்பத்தொரு புள்ளிகள் வைத்தார். ஒரு தடவைகூடக் கை தயங்கவில்லை.

ஆட்டத்தைத் தலைகீழாக மாற்றினோம். தொடங்கும்போதே மலை முழுவதும் பளிச்சென்று தெரியும். நடக்கிற இடமெல்லாம், அக்கா இப்போதைக்கு விட்டுவைத்த அவர் அம்மாவின் குரல் பெயர் சொல்லும். அப்புறம் நில அளவைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் முளைக்குச்சி அடிக்கும் இடம் கறுக்கும், அங்கே குரல் நின்றுவிடும். அதற்கு முன்னால் நாம் போய்ச் சேர வேண்டும். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாம் முதலே அறிஞ்சா ஆளுக எந்தினு களிக்கணும்? எதுக்கு ஆடணும்?"

"எங்க ஊர்ல யாரும் எதையும் தேடல சார்," என்றார் அக்கா. "வந்தவங்கதான் தேடுனாங்க. நாங்க இருக்கறத விட்டுறக் கூடாதுன்னு பாத்தோம்."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே ஆடினார். மலையடிவாரத்தில் முதல் குச்சி இறங்கியது. ஒரு பெயர் பாதியில் நின்றது. "ஐயோ," என்று சீட்டிலிருந்து எழுந்துவிட்டார். டெமோ தள்ளிப்போனதற்கு வழக்கம்போல் என்னைத்தான் திட்டினார்.

வேலை முடிவதற்குள் அக்காவின் கணவருக்குப் பக்கத்து நாட்டில், சோஹார் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று அக்கா சொன்னது இவ்வளவுதான்: "முடிச்சுட்டு அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றேன், அம்மா குரல் இருக்கலாமா வேண்டாமான்னு." அதன் பிறகு டெஸ்டர் வேலையையும் கொஞ்ச காலம் நானே பார்த்தேன். நான் செய்வதெல்லாம் எனக்குப் பிடித்துத் தொலைப்பதால் ஒரு பக் கூடக் கிடைக்கவில்லை.

போன வாரம் ஆட்டம் முடிந்தது. அனுப்புவதற்கு முன்னால் சுவரில் இருக்கும் தாளின் முன் நின்று, ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்து, நாற்பத்தொன்றும் திரையில் இருக்கின்றனவா என்று மூன்று தடவை சரிபார்த்தேன். இருந்தன. கடைசி இடத்தில், துணிந்து, அந்த "சாப்பிட்டியா?"வைத் திரும்பச் சேர்த்திருந்தேன். நாலு பத்தி மன்னிப்பும் நடுவில் ஒரு அசட்டு ஜோக்கும் எழுதி, அம்மா குரல் இருக்கட்டுமா, எடுத்துவிடவா என்ற கேள்வியோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. இரண்டு நாள் ஒன்றுமில்லை. இந்த இரண்டு நாளில் நான் நாற்பது தடவை போனை எடுத்துப் பார்த்ததை என் மனைவி எண்ணியிருக்கிறாள். இன்று மத்தியானம், கீழே யாரோ தகரம் தட்டிக்கொண்டிருக்கும்போது, பதில் வந்தது.

"இன்னொரு பேரும் கேட்டு அனுப்புறேன், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை விட்டுப்போச்சு தம்பி, அம்மா அதுலதான் உக்காரும்."