பயத்தோடு வண்டி ஓட்டிய அருளானந்தம் அண்ணன்

போன வியாழக்கிழமை காலை செஞ்சி பேருந்து நிலையத்தில் முதல் நடைக்காக நின்றிருந்தேன். ஓட்டுநர் வந்திருக்கவில்லை. அவருடைய மகள் கைப்பேசியில் அழைத்தாள். "அண்ணே, நைனா போயிட்டாரு" என்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களை இறங்கச் சொன்னேன்.

அருளானந்தம் அண்ணன் செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூர் போகும் தனியார் பேருந்தின் ஓட்டுநர். வயது ஐம்பத்து மூன்று. அதே வண்டியில் நான் நடத்துநர். பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம்.

நான் சேர்ந்த முதல் நாள், சாவியைத் திருகும் முன் அவர் கண்ணை மூடி அசையாமல் இருந்தார். "இன்னா டிரைவரே, தூக்கமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். வண்டி நல்லபடியாகப் போக வேண்டிக்கொண்டீர்களா என்று பிறகு டீக்கடையில் அண்ணனிடம் கேட்டேன்.

"வண்டி நல்லாத்தான் தம்பி இருக்குது. என் கை நடுங்கக் கூடாதுன்னு கேட்டுக்கினேன்" என்றார்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, வழியில் ஒரு வளைவில், மழையில் சறுக்கிய மோட்டார் சைக்கிள் ஒன்று அவருடைய பேருந்துக்கு அடியில் போய்விட்டது. ஓட்டி வந்தவர் அங்கேயே இறந்தார். அண்ணன் மேல் தவறில்லை என்று வழக்கு முடிந்தது. அவருக்குள் அது முடியவில்லை. அந்த வளைவு நெருங்கும்போது வேர்த்துக் கொட்டும், மூச்சு அடைக்கும். "ஐயா, கொஞ்சம் என் பக்கத்துல குந்துங்க" என்று முணுமுணுப்பார். அதுதான் அவருடைய ஜெபம். நான் பக்கத்து வல்லத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் இந்துக் குடும்பத்தவன். ஆனாலும் அந்த இடம் வந்தால் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"நாள் பூராவும் சேத்துக் கடவுள் கையில குடுக்க எனக்குத் தைரியம் பத்தல தம்பி. அதான் ஒவ்வொரு ட்ரிப்பா குடுக்குறேன்" என்று ஒருமுறை சொன்னார்.

ஜெபம் போதாத நாட்களும் இருந்தன. ஒரு மத்தியானம் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே விழுப்புரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வெளியே வந்து, "இந்த டாக்டரையும் ஐயாதான் அனுப்பியிருக்காரு" என்றார். மாத்திரை சாப்பிட்ட பிறகு தூங்கினார், கலகலப்பாகப் பேசினார்.

அந்த நன்றியைத் தம் சபையில் எழுந்து சாட்சியாகச் சொன்னார். அதுதான் அவர் செய்த குற்றம். "மாத்திரையை நம்புறவன் தேவனை எப்படி நம்புவான்?" என்று பாஸ்டர் எல்லார் முன்னிலும் கேட்டார். "பாஸ்டர், நீங்க கண்ணாடி போட்டுக்கினுதான பைபிள் படிக்கிறீங்க" என்று அண்ணன் பதில் சொன்னார். அதற்குப் பிறகு சபையில் ஜெபிக்க அவரை யாரும் அழைக்கவில்லை. அவரோ ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் போய், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஏன் இன்னும் போகிறீர்கள் என்று நான் கோபப்பட்டபோது, "நான் பாஸ்டரைப் பாக்கவா போறேன்?" என்றார்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு நெஞ்சு வலி வந்தது. டவுனில் ஒரு டாக்டர் பழைய மருந்துச் சீட்டைப் பார்த்தார். "உங்க டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார். நெஞ்சில் ஒரு கருவியும் வைத்துப் பார்க்கவில்லை. பாஸ்டர் தலையில் கை வைத்து, அவிசுவாசம் நீங்க வேண்டும் என்று ஜெபித்தார்.

அவர் வலியைக் காதில் வாங்காத மூன்றாவது ஆள் நான். புதன்கிழமை சாயங்காலம் மேல்சித்தாமூரில் அண்ணன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது அந்தப் பயம் இல்ல தம்பி. பதிமூணு வருசமா அது கூடக் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா? இது வேற."

போட்டி வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது; நாங்கள் தாமதித்தால் வழியில் நிற்பவர்களை அது ஏற்றிக்கொண்டு போய்விடும். "ஒண்ணுமில்லண்ணே, கண்ண மூடி ஜெபம் பண்ணுங்க, அடங்கிடும்" என்றேன். அவர் நான் சொன்னபடியே கண்ணை மூடினார். வண்டியை எடுத்து, ஒரு நிறுத்தம் விடாமல் நின்று, எல்லாரையும் பத்திரமாகச் செஞ்சியில் இறக்கினார். விடியும்போது வீட்டில் உயிர் போயிற்று. மாரடைப்பு என்றார்கள்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர், "எதற்கும் கவலைப்படாத விசுவாச வீரர்" என்று அவரைப் புகழ்ந்தார். என் பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி மேரி அக்கா தலை நிமிராமல், "பொய்யி" என்றார். "தெனமும் பயந்தாரு. பயந்துக்கினே போனாரு. அதக் கூடவா இவங்களுக்குச் சொல்லத் தெரியல?"

குழியில் எல்லாரும் மண் போட்டு முடித்த பிறகு அக்கா என்னிடம் கேட்டார்: "அன்னிக்கு வண்டியில உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா தம்பி?"

"ஒண்ணும் சொல்லலக்கா" என்றேன். என் கையில் இன்னும் ஒரு பிடி செம்மண் இருந்தது. அதைப் போடாமலே வந்துவிட்டேன்.

அக்கா இதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். சொன்னார் அக்கா. தெளிவாகத்தான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

போய் வாருங்கள் அண்ணே.